பழைய கால்பந்து வீரரைப் பற்றி எழுத உட்காரும்போது

கோல் கணக்கில் தொடங்காதீர்கள். இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகத்துக்கு ஆடிய டிக்சி டீனைப் பற்றி நான் அப்படித்தான் தொடங்கினேன். ‘டிக்சி டீன், எவர்ட்டன், 1927-28ல் 60 லீக் கோல்’ என்று எழுதினேன். அடுத்த வரி வரவே இல்லை.

இப்போதெல்லாம் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்கிறேன். பருவம், கழகம், ஆட்டம், கோல் என்று நாலு கட்டம். பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்றைக் காலியாக விடுவேன். ஆள் கிடைப்பது அந்தக் காலிக் கட்டத்தில்தான்.

டீனையே பாருங்கள். 1907ல் பர்க்கன்ஹெட்டில் பிறந்தவர். உள்ளூர்க் கழகமான ட்ரான்மியர் ரோவர்ஸுக்கு 30 லீக் ஆட்டம், 27 கோல். 1925 மார்ச்சில் எவர்ட்டன் 3,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. 1925-26ல் 38 ஆட்டம், 32 கோல். அடுத்த பருவத்தில் 27 ஆட்டம்தான், 21 கோல். எண் சட்டென்று இறங்கும் இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஏன் என்று தேடுங்கள். 1926 கோடையில் வேல்ஸில் மோட்டார் சைக்கிள் விபத்து. மண்டையோடும் தாடையும் உடைந்தன. இனி ஆடவே மாட்டார் என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். தலைக்குள் தகடு இருந்ததால்தான் பந்தை அந்த முட்டு முட்டினார் என்று ஒரு கதை உண்டு. ருசியான கதைதான், அதைக் கதை என்றே குறித்துவையுங்கள்.

சரி, 60க்கு வருவோம். அதற்கு முன் விதியைப் பார்க்க வேண்டும். 1925 வரை, முன்னால் போய் நிற்கும் வீரருக்குப் பந்து வரும்போது அது ஆஃப்சைடு என்ற தவறு ஆகாமலிருக்க, அவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியில் மூன்று பேராவது நிற்க வேண்டும். அந்தக் கோடையில் அதை இரண்டாகக் குறைத்தார்கள். கோல்கள் கொட்டின. 1926-27ல் இரண்டாம் டிவிஷனில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் 59 அடித்துவிட்டார். கேம்செலைச் சொல்லாமல் டீனின் 60ஐச் சொன்னால் அது வெறும் எண். 1928 மே 5, எவர்ட்டனின் அன்றைய மைதானமான குடிசன் பார்க், எதிரில் ஆர்சனல். லீக் பட்டம் ஏற்கெனவே எவர்ட்டன் கையில், டீனிடம் 57. இரண்டை அடித்துவிட்டார், மூன்றாவது வரவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடமே இருக்கும்போது அலெக் ட்ரூப் கார்னர் அடிக்க, டீன் தலையால் முட்டினார். ஆட்டம் 3-3. அந்தப் பருவத்தில் எவர்ட்டன் அடித்த 102 லீக் கோலில் 60 ஒரே ஆளுடையவை.

லீக் கணக்கையும் மொத்தக் கணக்கையும் கலக்காதீர்கள். எவர்ட்டனில் அவருக்கு லீக்கில் 399 ஆட்டம், 349 கோல். கோப்பை ஆட்டங்களையும் சேர்த்தால் 383. நான் ஒருமுறை 399க்கு நேரே 383 என்று எழுதி, வாசகர் ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சம்பளத்துக்கும் ஒரு வரி வேண்டும். எவ்வளவு கோல் அடித்தாலும் பருவத்தில் வாரம் 8 பவுண்டு, கோடையில் 6. அதுதான் அன்றைய உச்சவரம்பு. ஒப்பந்தம் முடிந்தாலும் கழகம் விட்டால்தான் அப்போது வேறு கழகத்துக்குப் போக முடிந்தது.

எவர்ட்டன் 1930ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, 1931ல் மேலே ஏறி, 1932ல் லீக் பட்டம், 1933ல் எஃப்.ஏ. கோப்பை என்ற இங்கிலாந்துக் கழகங்களின் கோப்பை. இதை ஒரே வரியில் தாண்டலாம். ஆனால் சட்டையில் எண் போட்ட முதல் கோப்பை இறுதியாட்டம் அந்த 1933தான், டீன் முதுகில் 9. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பெயர் விஷயமும் உண்டு. ‘டிக்சி’ அவருக்குப் பிடிக்காது, பில் என்றே கூப்பிடச் சொல்வார். தலைப்பில் டிக்சியைப் போட்டாலும் உள்ளே வில்லியம் ரால்ஃப் டீன் என்று ஒருமுறையாவது எழுதிவிடுங்கள்.

பலர் 1938ல் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது போன நாட்ஸ் கவுண்டி கழகத்துக்கு 9 லீக் ஆட்டம், 3 கோல். பார்க்கவே மனசு கஷ்டப்படும். அப்புறமும் எழுதுங்கள்: அயர்லாந்தில் ஸ்லைகோ ரோவர்ஸ், போர், செஸ்டரில் ‘டப்ளின் பாக்கெட்’ என்ற மதுக்கடை, 1976ல் வலது காலை வெட்டி எடுத்தது. இறந்த தேதி 1980 மார்ச் 1. தேதியோடு இடத்தையும் எழுதுங்கள்: குடிசன் பார்க். எவர்ட்டன் லிவர்பூலுடன் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்க்க வந்திருந்தார்.