செவிப்புல மூளைத்தண்டுத் துலங்கலைப் பதிவுசெய்தல்

செவிப்புல மூளைத்தண்டுத் துலங்கல் என்பது, ஒலி கேட்டதும் செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் அடுத்தடுத்து எழும் சிறு மின் அலைகள்; தலைத்தோலில் ஒட்டும் மின்வாய்களால் அவற்றைப் பதிவுசெய்கிறோம். முனைவர் பட்டத்தின் பின் செவிப்புல நரம்பியலில் ஆய்வைத் தொடங்குபவர், யாழ்ப்பாணத்து வெக்கையில் வியர்வையும் தலைக்கு வைத்த எண்ணெயும் தோலில் படிந்திருக்குமாதலால், உச்சந்தலை, நெற்றி, காதின் பின்னெலும்பு ஆகிய இடங்களை நன்கு துடைத்து, மின்வாய்களின் மின்மறிப்பை, அதாவது தோலுக்கும் மின்வாய்க்கும் இடையிலான மின்தடையை, 5 கிலோஓமிற்குக் கீழே கொண்டுவந்த பின்னரே பதிவைத் தொடங்க வேண்டும். இதில் அவசரப்பட்டவரை எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

கிளிக் ஒலியை வினாடிக்கு 25 தடவை கொடுத்தால், அது நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தோடு சரியாக ஒத்திசைந்து, அந்த இரைச்சல் சராசரியிலும் மறையாது எஞ்சும், ஆகவே 21.1 போன்ற வீதத்தைத் தெரிவுசெய்க. ஏறத்தாழ 2000 துலங்கல்களைச் சராசரியாக்கினால், ஒவ்வொரு கிளிக்குக்கும் பின்னான முதல் 10 மில்லிசெக்கனுக்குள் அலைகள் தெளிவாகும். கழுத்துத் தசை இறுகாதபடி பங்கேற்பவர் படுத்திருத்தல் நன்று. கோயில் ஒலிபெருக்கி முழங்கும் திருவிழா நாட்களைத் தவிர்க்கவும். அதே பதிவை மீண்டும் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, இரண்டிலும் ஒரே இடத்தில் தோன்றும் ஐந்தாம் அலையையே (வரிசையாக எழும் அலைகளுள் ஐந்தாவதையே) குறித்துக்கொள்க.