மதிப்பீட்டுக்குப் போகும் முன் ஒரு சின்ன வீடியோ

குழந்தையின் வளர்ச்சியையும் நடத்தையையும் நிபுணர்கள் பார்க்கும் முதல் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போகும் முன், உங்களைக் கவலைப்படுத்தும் நடத்தையை வீட்டிலேயே ஒன்றிரண்டு நிமிடம் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசு நிறுவனமோ, தனியார் மையமோ, எங்கே போனாலும் இது கைகொடுக்கும்.

புது இடத்தில், புது முகங்களுக்கு முன்னால் பல குழந்தைகள் வீட்டில் இருப்பது போல் இருப்பதில்லை. நடத்தை சிகிச்சையில் அடம் தொடங்கும் முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதற்கப்புறம் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று மூன்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அதனால் அழுகை வந்த பிறகு போனைத் தேடாமல், டிவியை அணைக்கும்போதே, குளிக்கக் கூப்பிடும்போதே ஆரம்பித்துவிடுங்கள். நீங்கள் சமாதானப்படுத்துவதும் பதிவாகட்டும், கூச்சமே வேண்டாம். பென்சில் பிடிப்பது, தனியாக விளையாடுவது போன்ற துண்டுகள் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு உதவும். ஆனால் எதையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

தலையை முட்டிக்கொள்ளும், தன்னையே கடித்துக்கொள்ளும் குழந்தை என்றால் படம் எடுத்துக்கொண்டு நிற்கக் கூடாது. முதலில் தடுங்கள், நடந்ததை அப்புறம் எழுதி வையுங்கள். போனைப் பார்த்ததும் மாறிவிடும் குழந்தைக்கும் எழுதி வைப்பதுதான் சரி.