பிளான் வரையும் சாஃப்ட்வேரா, சைட்டை நடத்தும் சாஃப்ட்வேரா: எதை முதலில் எடுப்பது?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சிவில் டிப்ளமோ முடித்து வரும் பையன்களும் கேட்கிறார்கள், பல வருடமாக வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரிகளும் கேட்கிறார்கள்: "கட்டட வேலைக்கு எந்த சாஃப்ட்வேர் எடுக்கலாம்?" இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் ஒருவருடைய பணம் வீண்.

ஆட்டோகேட், ரெவிட், ஸ்கெட்ச்அப், ஆர்க்கிகேட் எல்லாம் வரைவதற்கானவை. சுவர் எங்கே வரும், எத்தனை அங்குலம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லும். பிரைமவேரா, மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட், புரோகோர், நம் நாட்டு பவர்பிளே போன்றவை வேலையை நடத்துவதற்கானவை. அந்தச் சுவரை யார் எப்போது கட்டினார்கள், எவ்வளவு செங்கல் போனது, கூலி எவ்வளவு பாக்கி என்பதை அங்கே பார்க்கலாம்.

சிறு கான்ட்ராக்டர்கள் பெரும்பாலும் முதல் வகையை வாங்கிவிட்டு, இரண்டாவது வகை இல்லாததால் பணத்தை விடுகிறார்கள் என்பது என் எண்ணம். 3டி படத்தைப் பார்த்து வீட்டுக்காரர் மயங்குவார். சிமெண்ட் கணக்கைப் பார்த்து யார் மயங்குகிறார்கள்?

படி 1: போன மாதத் தொல்லைகளை எழுதுங்கள்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் காகிதத்தில் வந்த தொல்லைகள்: அனுமதிக்குப் போன பிளான் திரும்பி வந்தது, படிக்கட்டு தலையில் இடித்தது, வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாகப் பூஜை அறையை மாற்றச் சொன்னது. வலது பக்கம் சைட்டில் வந்தவை: எம்சாண்ட் லாரி வரவில்லை, சென்ட்ரிங் ஆள் (தளத்துக்கு அடியில் பலகையும் முட்டும் அடிப்பவர்) வேறு சைட்டுக்குப் போய்விட்டார், சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது ஆள் கணக்கு உதைத்தது.

எந்தப் பக்கம் நீளமோ அந்த வகையை முதலில் எடுங்கள். படிக்கிற பையன் என்றால் தாளே வேண்டாம். வரைவதில் ஆரம்பியுங்கள், முதல் வேலை அதில்தான் கிடைக்கும்.

படி 2: வரைவது என்றால் எது?

அனுமதிக்கான பிளான், எலிவேஷன் (முகப்புத் தோற்றம்), செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்) மட்டும் போதுமென்றால் ஆட்டோகேட். 1982-இல் வந்த சாஃப்ட்வேர். ஊரில் யாரிடம் கோப்பைக் கொடுத்தாலும் திறப்பார்கள் என்பதே அதன் பெரிய பலம். ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016-இலேயே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டது. இப்போது சந்தா மட்டும்தான். மாணவர்களுக்கு இலவசம். காசு வேண்டாம் என்றால் லிப்ரேகேட் இருக்கிறது; ஆனால் அதிலிருந்து டிடபிள்யூஜி (ஆட்டோகேடின் சொந்தக் கோப்பு வகை) கோப்பாகச் சேமிக்க முடியாது, டிஎக்ஸ்எஃப் என்ற பரிமாற்றக் கோப்பாகத்தான் கொடுக்க வேண்டும்.

வரையும் சாஃப்ட்வேர் நேர்கோடு போடும், சட்டம் சொல்லாது. கடலூரில் மனை என்றால் 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிவிட்டால் புதுச்சேரியின் தனி விதிகள், தனித் திட்டக் குழுமம். கடலூருக்கு வரைந்த பிளானில் சர்வே எண்ணை மட்டும் மாற்றி அந்தப் பக்கம் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மனையைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை முதலில் விதியில் பார்த்து, அந்தக் கோட்டைத் தனி லேயரில் (வரைபடத்தின் தனி அடுக்கில்) போட்டுவிட்டு அப்புறம் சுவரைத் தொடுங்கள்.

புதுச்சேரி டவுனுக்குள் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை என்றால் கதை வேறு. தெருவை ஒட்டித் திண்ணை, உள்ளே முற்றம், மெட்ராஸ் டெரஸ் கூரை (மரக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது), ஒரு மூலைகூடச் சரியாகச் செங்கோணத்தில் இருக்காது. இங்கே எனக்கு ஸ்கெட்ச்அப்தான் பிடிக்கும். அளந்ததை அளந்தபடி இழுத்து வைத்து, தெருவிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வீட்டுக்காரருக்குக் காட்டலாம். பிரவுசரில் ஓடும் இலவசப் பதிப்பே பழகப் போதும். ரெவிட் நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனால் கோணல் சுவரில் ஆரம்பநிலை ஆளைப் படுத்தி எடுத்துவிடும். புதிதாக எழுப்பும் அடுக்குமாடி வரட்டும், அப்போது கற்றுக்கொள்ளலாம்.

படி 3: நடத்துவது என்றால், முதலில் எக்செல்

உடனே எதையும் வாங்காதீர்கள். எக்செல்லில் தேதி, வேலை, வந்த ஆள், வந்த பொருள், செலவான பொருள் என்று ஐந்து கட்டம் போட்டு ஒரு சைட்டுக்கு மட்டும் தினமும் நிரப்புங்கள். இதைத் தொடர்ந்து நிரப்ப முடியாதவருக்கு எந்த ஆப்பும் உதவாது.

பழக்கம் வந்தபின் ஆப்புக்கு மாறலாம். வாங்குமுன் மூன்று விஷயத்தைப் பாருங்கள். மேஸ்திரியின் சாதாரண போனில் ஓடுகிறதா, சிக்னல் இல்லாத இடத்தில் பதிவு செய்தால் பிறகு தானே ஏறிக்கொள்கிறதா, தமிழில் தட்ட முடிகிறதா. பிரைமவேரா, புரோகோர் பக்கம் போகவே வேண்டாம். அவை பாலமும் தொழிற்சாலையும் கட்டுகிறவர்களுக்கு.

அட்டவணை போட ஆசை இருந்தால் புராஜெக்ட்லிப்ரே இலவசம். அதில் ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது என்று இணைக்கலாம். தளம் போட்டபின் முட்டு எடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு, தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ இடையே 4.5 மீட்டர் வரை தூரமுள்ள தளத்தில் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. இந்த இடைவெளியை அட்டவணையில் பூட்டிவிட்டால், "அஞ்சு நாள் போதும் சார்" என்று சென்ட்ரிங் ஆள் சொல்லும்போது காட்ட உங்களிடம் ஒன்று இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் வேலையைப் போடாதீர்கள். 2011 டிசம்பரில் 'தானே', 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று இரண்டு புயலும் நம் கரையில்தான் ஏறின. நாள்காட்டியில் மழை நாட்களை விடுமுறையாகக் குறித்து வைத்தால் முடிக்கும் தேதி கொஞ்சமாவது நம்பும்படி வரும்.

படி 4: இரண்டும் சந்திக்கும் இடம்

1000 சதுர அடியில் 5 அங்குலத் தளம் என்று வையுங்கள். கிட்டத்தட்ட 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். எம்20 என்ற கான்கிரீட் கலவைக்குக் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை என்றால், பீம் சேர்க்காமல் 95 மூட்டை. இந்தக் கணக்கு பிளானிலிருந்து வருகிறது. சைட் பதிவில் 115 என்று இருந்தால் அந்த 20 மூட்டை எங்கே? தடிமன் கூடிவிட்டதா, கலவையில் அதிகம் போட்டார்களா, மழையில் கட்டியாகிவிட்டதா, இல்லை வேறு வழியில் போனதா என்று அந்தப் பதிவைப் புரட்டித்தான் தேட வேண்டும். வரையும் சாஃப்ட்வேர் மட்டும் வைத்திருப்பவருக்கு 95 தெரியும், நடத்தும் ஆப் மட்டும் வைத்திருப்பவருக்கு 115 தெரியும்.

அதனால் எதை எடுத்தாலும் அளவுப் பட்டியலை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிறகு வேறு ஒன்றுக்கு மாறும்போது எல்லாவற்றையும் கையால் தட்ட வேண்டிவரும்.

படி 5: இலவச சோதனைக் காலம்

வேலை இல்லாத வாரத்தில் ஆரம்பித்தால் எல்லா ஆப்பும் நன்றாகத்தான் தெரியும். தளம் போடும் வாரத்தில் ஆரம்பியுங்கள். கலவை மிஷின் ஓடிக்கொண்டிருக்க, கை முழுக்க சிமெண்டோடு மேஸ்திரி இரண்டு மூன்று தட்டலில் மூட்டைக் கணக்கைப் பதிவு செய்துவிட்டால் சந்தா கட்டலாம். அவர் "நைட்டு போட்டுக்கறேன் சார்" என்று போனைப் பாக்கெட்டில் வைத்தால் அடுத்த ஆப்பைப் பாருங்கள்.