குசினியில் விறகடுப்பு அமைக்கும் முன் புகைக்கு வழி பாருங்கள்

2022 ஆம் ஆண்டில் இலங்கையில் எரிவாயுச் சிலிண்டருக்காக வெயிலில் வரிசை நின்றவர்களுக்கு, வீட்டில் ஒரு விறகடுப்பும் இருக்கட்டும் என்ற எண்ணம் வருவது இயல்பே. ஆனால் நம்மிற் பலர் அடுப்பை முதலில் வாங்கி வைத்துவிட்டு, புகை எங்கே போகும் என்பதைப் பிறகே யோசிக்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். பெரிய வீட்டுச் சுவரோடு பத்தி (சாய்ப்புக் கூரை) இறக்கிக் கட்டிய எங்கள் குசினியில், பத்தியின் கூரைக்கு மேல் 2 அடி மட்டும் எழும்பி நிற்கும்படி ஒரு குழாயைப் பொருத்தினேன். சித்திரையில் காற்று அடங்கியிருந்ததால் புகை நேராக ஏறியது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிய மாதங்களில் சில நாள் முரண்டு பிடித்தது. கார்த்திகையில் கடற்பக்கமிருந்து வடகிழக்கு வாடைக்காற்று எழும்பியதும், பெரிய வீட்டின் முகட்டைத் தாண்டி வந்த காற்று கீழ்நோக்கிச் சுழன்று, புகை முழுவதையும் குழாய் வழியே குசினிக்குள் திருப்பித் தள்ளிவிட்டது.

நான் அறியாதிருந்த கணக்கு எளியது. புகைபோக்கி கூரையைவிட்டு வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். அதோடு, அதைச் சுற்றி 10 அடிக்குள் இருக்கும் முகடு, மதில், தண்ணீர்த் தாங்கி எதுவாயினும் அதைவிட 2 அடி மேலே அதன் வாய் இருக்க வேண்டும். பத்திக் குசினிகளுக்கு இரண்டாவது விதியே முக்கியமானது, ஏனென்றால் பெரிய வீட்டின் முகடு அநேகமாக அந்த 10 அடிக்குள்தான் வரும். அவ்வளவு உயரத்துக்குக் குழாயைத் தனியே நிறுத்த முடியாவிட்டால், சுவரில் இரும்புப் பட்டி அடித்துத் தாங்கு கொடுக்க வேண்டும். வாடைக்காற்றுக்கு ஆடாத தாங்காக அது இருக்கட்டும்.

புகையின் பாதையில் வளைவு குறையக் குறைய இழுவை கூடும். படுக்கையாகக் குழாய் போக வேண்டியிருந்தால், ஒவ்வோர் அடிக்கும் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏற்றம் கொடுக்க வேண்டும். குழாய்த் துண்டுகளை இணைக்கும்போது மேல் துண்டின் முனை கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும், அப்போதுதான் உள்ளே கசியும் கரிப்பசை வெளியே வழியாமல் அடுப்புக்கே திரும்பும். மழைநீருக்குப் பயந்து சிலர் இதை மாற்றிப் பொருத்துகிறார்கள். மழையைத் தடுப்பது உச்சியிலுள்ள தொப்பியின் வேலை. தொப்பியைச் சுற்றி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை போட்டால், தீப்பொறி பக்கத்து வீட்டுக் கிடுகில் விழாது, பறவையும் கூடு கட்டாது. இதைவிடச் சிறிய கண் கரியால் அடைத்துக்கொள்ளும்.

குழாய்க்கு எந்தப் பொருள் என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். பீவீசீக் குழாயைப் புகைபோக்கியாக வைப்பது உருகி எரிவதற்கு நாள் குறிப்பதற்குச் சமம். நாகம் பூசிய தகரக் குழாய் அதிகமாகச் சூடேறும்போது நச்சுப் புகை விடக்கூடும் என்பதால் அடுப்பை ஒட்டிய பகுதிக்கு அது ஆகாது. சாதாரணத் தகடோ, உப்புக்காற்றுப் படும் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களில் விரைவில் துருப்பிடித்து ஓட்டை விழும். துருவேறா உருக்கு அல்லது செங்கல்லால் கட்டிய புகைக்கூண்டுதான் நிலைக்கும்.

கூரையைத் துளைக்கும் இடமே தீப்பிடிக்கும் இடம். ஒற்றைத் தகட்டுக் குழாயை மரத் தீராந்தி, சலாகை நடுவே கூரையூடாக எடுக்கவே கூடாது. எந்த மரத்திலிருந்தும் அது 18 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். செங்கல் புகைக்கூண்டு என்றாலும் மரத்துக்கும் அதற்கும் 2 அங்குல இடைவெளி விட வேண்டும். மாதக்கணக்கில் சூடு வாங்கிய மரம் உள்ளுக்குள் கரியாகி, புதிய மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் என்பதை மேசன்மாரிலும் பலர் கவனிப்பதில்லை. ஆகவே நான் பின்னர் செய்ததையே சொல்வேன்: புளொக் சுவரூடாகப் புகையை வெளியே எடுத்து, சுவரை ஒட்டிச் செங்கல்லாலேயே மேலே கட்டிவிடுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் கூரையுள்ளவர்களுக்கும் இதுவே நல்லது, ஏனெனில் அந்தச் சீற்றை அறுத்தால் பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. தீச்சூடு பட்டால் அது வெடித்துச் சிதறவும் செய்யும்.

இனி அடுப்பு. நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் இரண்டு பானை வைக்கும் அனகி மண்ணடுப்பு விறகை மிச்சப்படுத்தும், ஆனால் அதற்குத் தனிப் புகைபோக்கி கிடையாது. அதனால் அதன் மேலே செங்கல் கூண்டு அமைய வேண்டும். அடுப்பு மேடையைச் செங்கல்லாலும் மண்சாந்தாலும் கட்டுங்கள். நெருப்புப் படும் உட்புறத்தில் சிமெந்துச் சாந்து பூசினால் அது வெடித்து உதிரும். புற்றுமண்ணோடு உமி கலந்து குழைத்த மண் நல்ல காப்பு; தம்பலகாமம் பக்கம் நெல் ஆலைகளில் உமி கேட்டால் தருவார்கள். பூசிய மண் நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு, முதல் சில நாட்கள் சிரட்டைத் துண்டுகளால் மட்டும் சிறு தீ வையுங்கள்.

காப்பில்லாத மரக் கதவு, அலுமாரி, பலகைச் சுவர் எல்லாம் அடுப்பிலிருந்து 3 அடி தள்ளியிருக்கட்டும். அடுப்பு வாய்க்கு முன்னே 18 அங்குலம் சிமெந்துத் தரையாகவே இருக்க வேண்டும். பாய், விறகுக் கட்டு, பிளாஸ்டிக் வாளி எதுவும் அங்கே கூடாது. எரிவாயு அடுப்பும் அதே குசினியில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகப் பரவித் தாழ்வான விறகடுப்பைத் தேடிப் போகும். சிலிண்டரைச் சுவருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைப்பதே தகும்.

பொருத்தி முடிந்ததும் அடுப்பு வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். என் மனைவி பிடித்த ஊதுபத்தியின் புகை முதலில் தயங்கி, அவருடைய முகத்தை நோக்கி வளைந்தது. அடியில் ஒரு பத்திரிகைத் தாளைக் கொளுத்திக் கூண்டைச் சூடாக்கிய பின்னரே உள்ளே இழுபட்டது. யன்னலை அடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தபோது மறுபடியும் வெளியே வந்தது. வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் எந்தப் புகைபோக்கியும் இழுக்காது. ஒரு மணி நேரம் எரிந்த பிறகு அருகிலுள்ள மரங்களையும் சுவரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத இடம் எங்கேயாவது இருந்தால் இடைவெளி போதவில்லை.

மாரியில் குளிருக்காகத் தணற்சட்டியை அடைத்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியும் தலைச்சுற்றும் வாந்தி உணர்வும் வீட்டில் ஒருவருக்கு மேல் வந்தால், எல்லோரும் வெளியே வந்து 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; ஈர விறகின் புகைதான் கரிப்பசையாகக் கூண்டில் ஒட்டுகிறது. கரையொதுங்கிய மரத்தையும் பழைய வள்ளத்துப் பலகையையும் எரிக்க வேண்டாம், ஏனெனில் உப்பும் பெயின்றும் குழாயை அரிப்பதோடு உடலுக்கும் தீங்கு. வாடை தொடங்குமுன், ஐப்பசியிலேயே, கயிற்றில் தேங்காய்ப் பொச்சுக் கட்டு ஒன்றையும் ஒரு கல்லையும் கட்டி மேலிருந்து இறக்கிக் கூண்டைத் துடையுங்கள். கரி 3 மில்லிமீற்றர் தடித்துவிட்டால் ஐப்பசி வரை காத்திருக்கவும் கூடாது. சாம்பலுக்குள் தணல் ஓரிரு நாள் உயிரோடிருக்கும், ஆதலால் மூடியுள்ள தகர வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே மண்தரையில் வைத்து ஆறவிட்ட பின்னரே வாழையடிக்குப் போடுங்கள்.