கனோலா வயலுக்குத் தொழு எருவைக் கணக்கிட்டு இடும் முறை

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த கனோலா, கனடாவின் மானிட்டோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று புல்வெளி மாகாணங்களின் முதன்மையான எண்ணெய்ப் பயிராகும். எண்ணெயில் இருக்கும் எரூசிக் அமிலமும் பிண்ணாக்கில் கார்ப்பைத் தரும் குளுக்கோசினோலேட்டும் ஒருசேரக் குறைந்த முதல் ரகமான 'டவர்' 1974-இல் அங்கேதான் வெளியிடப்பட்டது. இந்த மாகாணங்களில் பன்றிப் பண்ணைகளும் மாட்டுப் பட்டிகளும் நிறைய இருப்பதால் எருவுக்குப் பஞ்சமில்லை. எருவில் உள்ள சத்து முழுவதும் இந்த ஆண்டே பயிருக்குக் கிடைத்துவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. எருவைக் கணக்கிலேயே சேர்க்காமல் அதன் மேல் முழு அளவு உரத்தையும் கொட்டுவோரும் உண்டு. இரு சாராருக்கும் இழப்புதான்.

முதலில் பயிரின் தேவையைப் பார்ப்போம். அங்கே விளைச்சலைப் புஷலில் கூறுவார்கள். கனோலாவில் ஒரு புஷல் என்பது ஏறத்தாழ 22.7 கிலோ. ஏக்கருக்கு 50 புஷல், அதாவது சுமார் 1,130 கிலோ எடுக்க விரும்பினால், பயிர் மொத்தமாக 75 கிலோ அளவுக்குத் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) 12 கிலோ அளவுக்குக் கந்தகத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அறுவடையாகும் விதையோடு சுமார் 22 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ், பாஸ்பேட் கணக்கில்) வயலை விட்டு வெளியேறும். கோதுமையோடு ஒப்பிட்டால் கந்தகத் தேவை மிக அதிகம் என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் எருவிட்ட வயல்களில் விளைச்சல் நழுவுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது மண் பரிசோதனை. தழைச்சத்தின் வடிவமான நைட்ரேட்டும் கந்தகத்தின் வடிவமான சல்பேட்டும் நீரோடு கீழிறங்கக்கூடியவை என்பதால் மேல்மண்ணை மட்டும் எடுத்தால் போதாது, 0–15 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு மாதிரியும் 15–60 செ.மீ. ஆழத்திலிருந்து மற்றொரு மாதிரியும் தனித்தனியே எடுக்க வேண்டும். கந்தகத்தைப் பொறுத்தவரை ஆய்வறிக்கையை அப்படியே நம்பிவிடக் கூடாது. வயலின் ஒரு தாழ்வான மூலையில் கந்தகம் அடங்கிய ஜிப்சம் உப்பு படிந்திருந்தால், அங்கிருந்து வந்த ஒரு கைப்பிடி மண்ணே மொத்த மாதிரியின் அளவையும் உயர்த்திக் காட்டிவிடும். மேட்டுப் பகுதியில் பயிர் கந்தகமின்றி வாடும்போது அறிக்கையோ 'போதுமானது' என்று சொல்லிக்கொண்டிருக்கும். எனவே மேட்டுக்கும் தாழ்வுக்கும் தனி மாதிரிகள் எடுப்பது நல்லது. ஆல்பர்ட்டாவின் சாம்பல் நிறக் காட்டு மண்ணில் கந்தகம் இயல்பாகவே குறைவு. 1920-களின் இறுதியில் பிரெட்டன் என்ற ஊரருகே ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் தொடங்கி இன்றும் நடத்திவரும் ஆய்வு வயல்கள் அதைத் தெளிவாகக் காட்டின.

எருவையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். திரவ எருக் குட்டையில் கசடு அடியில் தங்கிவிடும். மணிச்சத்தின் பெரும்பகுதி அந்தக் கசடோடுதான் இருக்கும். ஆகவே நன்றாகக் கலக்கிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும். அறிக்கையில் பார்க்க வேண்டியவை அம்மோனியத் தழைச்சத்து, அங்ககத் தழைச்சத்து (மட்கிய பிறகே பயிருக்குக் கிடைப்பது), பாஸ்பேட் ஆகிய மூன்றும். எருவை மண்ணுக்குள் செலுத்தினால் அம்மோனியப் பகுதி ஏறக்குறைய முழுதும் பயிருக்குக் கிடைக்கும். அங்ககப் பகுதியில் முதல் ஆண்டில் 25 விழுக்காடும், இரண்டாம் ஆண்டில் 12 விழுக்காடும் கிடைக்கும் என்பது மானிட்டோபாவில் வழங்கும் கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். தேவை 75 கிலோ. மண்ணில் ஏற்கெனவே நைட்ரேட்டாக 20 கிலோவும், பருவத்தில் மட்கிலிருந்து வெளிப்படும் 10 கிலோவும் உள்ளன என்றால் மீதி 45 கிலோ. இதில் கந்தகத்துக்காக இடும் அம்மோனியம் சல்பேட்டை முதலில் கழித்துவிட வேண்டும். அதில் 24 விழுக்காடு கந்தகமும் 21 விழுக்காடு தழைச்சத்தும் இருப்பதால், 42 கிலோ இட்டால் 10 கிலோ கந்தகத்தோடு சுமார் 9 கிலோ தழைச்சத்தும் சேர்ந்து கிடைக்கும். எஞ்சியது 36 கிலோ. பன்றிப் பண்ணையின் திரவ எருவில் ஆயிரம் லிட்டருக்கு 2 கிலோ அம்மோனியத் தழைச்சத்தும், 1 கிலோ அங்ககத் தழைச்சத்தும், ஒன்றரைக் கிலோ பாஸ்பேட்டும் இருப்பதாகக் கொண்டால், கிடைக்கக்கூடிய தழைச்சத்து 2.25 கிலோ, ஆகவே ஏக்கருக்கு 16,000 லிட்டர் போதும். அதனுடன் சேரும் பாஸ்பேட் 24 கிலோ. விதையோடு வெளியேறுவதற்கு அது ஏறத்தாழச் சமம்.

மாட்டுப் பட்டித் தொழு எருவில் கணக்கு இவ்வளவு இணக்கமாக அமையாது. டன்னுக்கு 1 கிலோ அம்மோனியத் தழைச்சத்தும், 4 கிலோ அங்ககத் தழைச்சத்தும், 3 கிலோ பாஸ்பேட்டும் உள்ள எருவால் அதே 36 கிலோவை நிரப்ப 18 டன் வேண்டும். அப்போது பாஸ்பேட் 54 கிலோ சேர்ந்துவிடும். ஆண்டுதோறும் இப்படி இட்டால் மண்ணில் மணிச்சத்து குவிந்து, பனி உருகும் நீரோடு ஏரிகளுக்குப் போய்ச் சேரும். அதனால் பாஸ்பேட்டை அளவுகோலாகக் கொண்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் இட்டு, குறையும் தழைச்சத்தை உரமாகக் கொடுப்பதே சரியான வழி. வைக்கோலோ மரச்சீவலோ மிகுதியாகக் கலந்த எரு மக்கும்போது மண்ணின் தழைச்சத்தையே சில காலம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் கனோலாவுக்கு முந்தைய பயிருக்கே இட்டுவிடுவது மேல்.

இடும் காலம் இலையுதிர்காலத்தின் பிற்பகுதி. மண் குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் உறைந்திருக்கக் கூடாது. மானிட்டோபாவில் நவம்பர் 10 முதல் ஏப்ரல் 10 வரை எருவிடுவதற்குச் சட்டப்படி தடை உண்டு. வசந்தத்தில் இடலாம் என்றாலும், கனமான தொட்டி வண்டிகள் ஈர மண்ணை இறுக்கிவிடும். ஒன்றேகால் முதல் இரண்டரை செ.மீ. ஆழத்துக்குள் விதைக்க வேண்டிய இந்தச் சிறு விதைக்கு அது பெரிய தீங்கு. மேலாகத் தூவிவிட்டு மண்ணோடு கலக்காமல் விட்டால் அம்மோனியா காற்றில் போய்விடும், மேலே போட்ட கணக்கும் அதோடு போய்விடும்.

எருவிட்ட வயலிலும், மணிச்சத்து அளவு உயர்ந்திராவிட்டால், விதையோடு சிறிது பாஸ்பேட் உரம் இடுவது குளிர்ந்த மண்ணில் நாற்றுக்குத் தெம்பு தரும். ஆனால் விதைச்சாலில் ஏக்கருக்கு 9–10 கிலோவைத் தாண்டினால் முளைப்பு கெடும். மாறாக, தழைச்சத்து மிகுந்துவிட்டால் பயிர் சாய்ந்து, தண்டழுகல் நோய் பரவி, முதிர்ச்சி தாமதமாகும். விதையின் எண்ணெய் அளவும் குறையும். எருவண்டியின் சக்கரங்களில் ஒட்டிவரும் மண் வேர்முடிச்சு நோயின் (clubroot, கடுகுக் குடும்பப் பயிர்களின் வேரை வீங்கவைக்கும் நோய்) வித்துகளைக் கொண்டுவரும் என்பதால், வேறு பண்ணையிலிருந்து வாடகைக்கு வரும் கருவியைக் கழுவாமல் வயலுக்குள் விடக் கூடாது.

இளம் இலைகள் கிண்ணம்போல் குழிந்து ஊதா நிறம் காட்டினால் அது கந்தகக் குறைவு. முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. கந்தகக் குறைவைத் தண்டு நீளத் தொடங்கும் நிலைக்குள் கண்டுவிட்டால் அம்மோனியம் சல்பேட்டை மேலுரமாக இட்டுப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தூள் கந்தகத்தால் அப்போது பயனில்லை. அது சல்பேட்டாக மாறவே மாதக்கணக்காகும்.

எருவின் பலனை அறிய, வயலில் ஒரு பட்டையை எருவிடாமல் விட்டுவைத்து, அறுவடையில் அதைத் தனியே எடை போட வேண்டும். பட்டித் தொழு எரு 18 டன் இட்டிருந்தால், அதிலிருந்த 72 கிலோ அங்ககத் தழைச்சத்தில் சுமார் 9 கிலோ அடுத்த ஆண்டுக் கோதுமைக்குக் கிடைக்கும். அந்த 9 கிலோவைக் கோதுமையின் உரக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.