காலாவதியான டார்கெட்டால் கர்னல் பில்ட் உடைந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் கர்னல் பேக்கேஜைப் புதிய பதிப்புக்கு உயர்த்தியதும், இன்ன டார்கெட்டுக்கு (மேக்கிடம் செய்யச் சொல்லும் வேலையின் பெயர்) விதி இல்லை என்று சொல்லி, பில்டை நடத்தும் கருவியான மேக் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் கோளாறு கர்னலில் இல்லை. அங்கே நீக்கப்பட்ட டார்கெட்டை பேக்கேஜைக் கட்டும் படிகளைக் கொண்ட நம்முடைய ஸ்பெக் கோப்பு இன்னும் அழைத்துக்கொண்டிருக்கிறது.

உடனே அந்த வரியை அழித்துவிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. சில இடங்களில் அது சரிதான். 'ஹெடர்ஸ்_செக்' செய்துவந்த ஹெடர் கோப்புச் சோதனை இப்போது பில்டுக்குள்ளேயே நடக்கும். அதற்கான கான்ஃபிக் (கர்னல் அமைப்பு) தேர்வை இயக்கினால் போதும். ஆனால் 'ஃபர்ம்வேர்_இன்ஸ்டால்' அப்படிப்பட்டதல்ல. 2017இல் வந்த 4.14 பதிப்பில் ஃபர்ம்வேர் (வைஃபை போன்ற வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) கோப்புகளே கர்னல் மூலத்திலிருந்து நீக்கப்பட்டன. வரியை மட்டும் அழித்தால், ஸ்பெக்கின் கோப்புப் பட்டியல் அந்தக் கோப்புகளைத் தேடி மீண்டும் பில்டை நிறுத்தும். பட்டியலிலிருந்தும் நீக்கிவிட்டால் பில்ட் முடிந்துவிடும்; பயனரின் கணினியிலோ வைஃபை வேலை செய்யாமல் போகலாம். லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைச் சார்புகளில் சேர்ப்பதே முறை. அழிக்கும் முன், அந்த டார்கெட் என்ன வேலை செய்தது, இப்போது அதை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

கான்ஃபிக் டார்கெட்டுகளில் வேறு வகைத் தவறு நடக்கிறது. 'சைலன்ட்ஓல்ட்கான்ஃபிக்' 2018இல் நீக்கப்பட்டபோது பலர் அதன் புதிய பெயரான 'சிங்க்கான்ஃபிக்' என்பதை அப்படியே எழுதிவிட்டார்கள். அது கர்னல் பில்டின் உட்பயன்பாட்டுக்கானது. வெளியிலிருந்து அழைக்கக் கூடாது. 'ஓல்ட்நோகான்ஃபிக்' இருந்த இடத்தில் 'ஓல்ட்கான்ஃபிக்' போடுவதும் தவறு. புதிய தேர்வு ஒவ்வொன்றுக்கும் அது கேள்வி கேட்கும். பதில் சொல்ல ஆளில்லாத பில்ட் சர்வரில் அது பயன்படாது. 'சைலன்ட்ஓல்ட்கான்ஃபிக்', 'ஓல்ட்நோகான்ஃபிக்' ஆகிய இரண்டு பெயர்களுக்கும் பதிலாக 'ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' எழுதுங்கள். புதிய தேர்வுகளுக்கு இயல்பு மதிப்பை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

பிழை வந்தாலும் தொடரட்டும் என்று கட்டளையின் முடிவில், எப்போதும் வெற்றி என்றே சொல்லும் 'ட்ரூ' கட்டளையை ஒட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இன்றைய பிழையோடு நாளை வரப்போகும் உண்மையான பிழையையும் அது விழுங்கிவிடும். நீக்கப்பட்ட டார்கெட்டை வெற்று விதியாக, மேக்கின் விதிகள் உள்ள மேக்ஃபைலில் பேட்ச் செய்து சேர்ப்பதும் இதே வகைதான்.

பிழைச்செய்தியே தராமல் உடைவது இன்னும் மோசம். கர்னல் மூலத்துக்கு வெளியே இருக்கும் துணைப்பகுதிகளான வெளி மாட்யூல்களைக் கட்டப் பயன்பட்ட 'சப்டிர்ஸ்' மாறிக்கான ஆதரவு 2019இல் எடுக்கப்பட்டது. பழைய ஸ்கிரிப்ட் அதைக் கொடுத்தால் மேக் அதைக் கண்டுகொள்ளாமல் மாட்யூலை விட்டுவிட்டுக் கர்னல் மூல மரத்தையே கட்டத் தொடங்கும். பிறகு தொடர்பே இல்லாத ஓரிடத்தில் விழும். அந்தக் கடைசி வரியைத் துரத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். 'சப்டிர்ஸ்' இருக்கும் இடமெல்லாம் 'எம்' மாறியைக் கொடுங்கள்.

ஒரே ஸ்பெக் பழைய, புதிய கர்னல்கள் இரண்டுக்கும் பயன்படுவதானால், பதிப்பு எண்ணை வைத்து நிபந்தனை எழுதாதீர்கள். லினக்ஸ் விநியோகங்கள் மாற்றங்களைப் பழைய பதிப்புகளுக்கும் கொண்டுபோவதால் எண் ஏமாற்றும். மேக்ஃபைலில் அந்த விதி இருக்கிறதா என்று கிரெப் என்ற தேடல் கட்டளை மூலம் நேரடியாகத் தேடுவது நம்பகமானது.

திருத்தம் முடிந்ததும், ஏற்கெனவே பாதி கட்டிய மரத்தில் சோதிக்காதீர்கள். முந்தைய ஓட்டத்தில் உருவான கான்ஃபிக், ஹெடர் கோப்புகள் அங்கே கிடப்பதால், விடுபட்ட படி ஒன்று இருந்தாலும் பில்ட் வெற்றி பெற்றுவிடும். உருவான கோப்புகளை அழிக்கும் 'எம்ஆர்ப்ராப்பர்' டார்கெட்டை ஓட்டிவிட்டோ, புதிதாக விரித்த மூலத்திலோ தொடங்குங்கள்.