தட்டுமுட்டுக்கு ஏது எண்ணிக்கை? ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் வேலை பார்க்கும் பையன்கள் நாலைந்து பேரும், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டும் இளைஞர்கள் சிலரும் மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். போன வாரம் ஒருவன் கடையில் விற்பனைக்கு இருப்பதையெல்லாம் ஆங்கிலத்தில் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தான். முதல் வரியே 'டென் ஃபர்னிச்சர்ஸ்'. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில், இதே சொல்லை, இதே எஸ்ஸைப் போட்டு நானும் எழுதினேன். அதற்காக என் முதலாளி இழந்த பணம் இன்னும் என்னை உறுத்துகிறது.

சைல்டுக்குப் பன்மை சில்ட்ரன், மௌஸுக்கு மைஸ் என்பதெல்லாம் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்ண முடியாததற்கு எஸ் போடுவது

அப்போது நான் கடையில் கணக்கு எழுதும் பையன். ஆங்கிலம் தெரிந்தவன் என்று கடிதம் எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. வெளிமாநிலத்து வியாபாரி ஒருவர் தேக்கு நாற்காலிகளைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஐந்து படம், படத்துக்கு ஒரு ஜோடி. ஆக மொத்தம் பத்து நாற்காலி. ஒரு நாற்காலி நாலாயிரம் என்று முதலாளி விலை சொன்னார். நான் எழுதினேன்: 'ஃபைவ் ஃபர்னிச்சர்ஸ், ஃபோர் தவுசண்ட் ஈச்.'

ஐந்து விதம், நாற்காலி ஒன்று நாலாயிரம் என்பது என் மனசில் இருந்தது. கடிதத்தில் அது இல்லை. ஐந்து உருப்படி, ஜோடி நாலாயிரம் என்று அவர் படித்தார். இருபதாயிரத்துக்கு வரைவோலை வந்தது. வர வேண்டியது நாற்பதாயிரம். முதலாளி தொலைபேசியில் பேசிப் பார்த்தார். அவர் என் கடிதத்தையே திருப்பி வாசித்துக் காட்டினார். சொன்ன சொல் மாறக் கூடாதென்று முதலாளி பத்தையும் அனுப்பிவிட்டார். "தம்பி, அந்தாளு மேல தப்பு இல்ல. நம்ம காயிதந்தான் அப்படிச் சொல்லுது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது? தமிழில் அஃறிணைக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. நாலு தூண், பத்து வீடு, நூறு மரம் என்றால் போதும். மாடு வந்தது, மாடு வந்தன என்று இரண்டுக்கும் ஒரே மாடுதான்; இலக்கணம் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. அந்தப் பழக்கத்தில் 'ஃபோர் பில்லர்' என்று எழுதுகிறோம். வாத்தியார் சிவப்பு மையில் எஸ் சேர்க்கிறார். நாலு முறை அடிபட்ட பிறகு, எண் வந்தாலே எஸ் போட வேண்டும் என்று கை பழகிவிடுகிறது. எஸ் தேவையில்லாத இடத்திலும் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. அசட்டையாக இருப்பவனை விட, திருத்திக்கொள்ள நினைப்பவன்தான் 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதுகிறான். எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான். அந்தப் பிள்ளைக்கு யாரும் பாதிக்கு மேல் சொல்லிக் கொடுக்கவில்லை.

மீதிப் பாதி நம் வீட்டிலேயே இருக்கிறது. தட்டுமுட்டு என்கிறோம், 'மூணு தட்டுமுட்டு' என்று யாராவது சொல்கிறோமா? மூட்டைமுடிச்சு, நகைநட்டு, பண்டபாத்திரம் எல்லாம் அப்படித்தான். கல்யாண வீட்டில் சீர் பரப்பி வைத்திருக்கும்போது 'நகைநட்டு நிறைய' என்பார்கள். எண்ணிச் சொல்ல வேண்டுமானால் சங்கிலி மூணு, வளையல் எட்டு என்று உருப்படிக்கு இறங்கிவிடுவார்கள். ஃபர்னிச்சர் என்பது தட்டுமுட்டு. லக்கேஜ் என்பது மூட்டைமுடிச்சு. ஜுவல்லரி என்பது நகைநட்டு. கூட்டமாகச் சுட்டும் பெயர் இவை. எஸ்ஸும் சேராது, முன்னால் 'ஏ'வும் சேராது.

எண்ண வேண்டுமென்றால் அளவுச் சொல் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பூவை முழம் போடுகிறோம், வெற்றிலையைக் கவுளி கட்டுகிறோம், வாழைப்பழத்தைச் சீப்பாக வாங்குகிறோம். அதைப் போல 'எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்', 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்'. எஸ் அளவுச் சொல்லோடு போய்ச் சேரும், பொருளோடு சேராது. விற்பவர்கள் இன்னும் ஒரு படி இறங்கி 'ஃபைவ் பேர்ஸ் ஆஃப் சேர்ஸ், ஃபோர் தவுசண்ட் பெர் சேர்' என்றே எழுதிவிடுங்கள். நான் எழுதியிருக்க வேண்டிய வரி அது.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் கைவிடும். ரெண்டு தகவல், மூணு செய்தி என்று நாம் தாராளமாக எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க், நியூஸ் எதையும் எண்ண முடியாது. இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். நியூஸ் எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை: 'தி நியூஸ் இஸ் குட்.'

பட்டியல் கொண்டுவந்த பையனிடம், ஜோடியை ஒன்றாக எண்ணினாயா, இரண்டாகவா என்று கேட்டேன். கடைக்குத் திரும்பிப் போய் எண்ணினான். பதினான்கு வந்தது.

எஸ் போட்டால் பொருளே மாறும் சொற்கள்

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்வதைக் காட்டும்போது ஒரு தம்பி 'தே போர் தி கலர் ஆன் எ கிளாஸ்' என்றார். கேட்ட வெள்ளைக்காரப் பெண்மணி டம்ளரைத் தேடினார். 'ஏ' சேர்ந்தால் கிளாஸ் குடிக்கிற டம்ளர். 'ஏ' இல்லாமல் வந்தால் கண்ணாடி என்ற பொருள். எஸ் போட்டுக் கிளாசஸ் என்றால் மூக்குக்கண்ணாடியாகவும் ஆகும். அவர் சொல்ல வந்தது சாயம் ஊற்றுகிற கண்ணாடித் தகட்டை: 'எ ஷீட் ஆஃப் கிளாஸ்.'

தேக்கு மரத்தைப் பற்றிச் சொல்லும்போது 'வுட்' போதும். 'வுட்ஸ்' என்றால் காடு. 'பர்மா டீக் வுட்ஸ்' என்று சொன்னால் பர்மாவின் தேக்குக் காட்டையே வீட்டுக்குள் கொண்டுவந்ததாக ஆகும். தூணைச் சொல்ல 'டீக் பில்லர்ஸ்' என்று சொல்லுங்கள்.

சாப்பாட்டு மேசையிலும் இது உண்டு. 'ஐ ஏட் சிக்கன்' என்றால் கறி சாப்பிட்டேன். 'ஐ ஏட் எ சிக்கன்' என்றால் முழுக் கோழியையும் ஒரே ஆளாகச் சாப்பிட்டேன்.

ஒரு டைல்ஸ்

'ஒரு டைல்ஸ் உடைஞ்சிருச்சு' என்பது தமிழில் வழக்கு. ஆங்கிலத்தில் ஒன்று என்றால் டைல். இன்னொரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக நிற்கும்போதும் பெரும்பாலும் ஒருமைதான்: டைல் ஃபேக்டரி. பத்து அறை வீட்டையும் 'டென் ரூம் ஹவுஸ்' என்றே சொல்ல வேண்டும். பத்து இருந்தாலும் அங்கே எஸ் வராது.

ஸ்டாஃப்

ஒரு ஆள் இல்லை, ஆட்களின் கூட்டம். ஒருவரைச் சொல்ல 'ஸ்டாஃப் மெம்பர்'.

அட்வைஸ்

சி போட்டு எழுதினால் பெயர், அந்தச் சிக்குப் பதில் எஸ் போட்டு எழுதினால் வினை.

ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்

ஃப்ரெண்ட்ஸ்.

கசின் பிரதர்

கசின் போதும். ஆனால் அம்மான் மகனும் கசின், பெரியப்பா மகனும் கசின் என்பதில் நம் ஊர்ச் செய்தி தொலைந்துபோகும். ஒருவர் சம்பந்தம் செய்துகொள்ளும் முறை, இன்னொருவர் பங்காளி. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டியிருந்தால் 'மை மதர்ஸ் பிரதர்ஸ் சன்' என்று நீட்டியே சொல்லுங்கள்.